மொட்டை வண்டிக்குக் கதவு

எங்கள் ஊரில் கூரை இல்லாத கார் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அது எங்களுடையது. ஆட்டோ ஸ்டாண்டில் அதற்கு ‘மொட்ட வண்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத் தலைநகராகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுப்புது ஆபீஸ், புதுப்புது ஜீப் எல்லாம் வந்தும், சிக்னலில் நின்றால் ஜனங்கள் திரும்பிப் பார்த்தது எங்களைத்தான்.

என் கணவர் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் சொல்லிக்கொடுப்பவர். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணமான புதிதில், வேலூர்ப் பக்கம் லாரியில் அடிபட்டு மேல்பாகம் நசுங்கிப்போன ஒரு பழைய சின்னக் காரை அவர் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கூரையை அறுத்து எறிந்தார். பின்சீட்டு போனது, கதவுகள் போயின. பக்கவாட்டை அலுமினியத் தகட்டால் இடுப்பளவுக்கு மூடினார். முன்கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தகடு. இரண்டு பேர் உட்காரலாம். காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். புடவை கட்டினவள் எப்படி இறங்குவாள் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. அந்த வண்டி எனக்கும் பிடித்திருந்தது.

வண்டியால் ஒரு சிநேகிதக் கூட்டம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை போளூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். திறந்த ஜீப் வைத்திருந்த ரைஸ்மில் முதலாளிதான் அவர்களில் பெரியவர். பழைய புல்லட்டைப் பிள்ளை மாதிரி துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர். ஆசிரமத்துப் பக்கம் வாடகை வீட்டில் வெகுகாலமாக இருந்த, வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர். இன்னும் நாலைந்து பேர். டீ குடித்துவிட்டு ஜவ்வாது மலை ஏறி இறங்குவார்கள். வளைவுகளில் எங்கள் வண்டியை யாராலும் பிடிக்க முடியாது. எடை இல்லை, அதுதான் ரகசியம் என்பார் என் கணவர். இந்த மாதிரி வண்டிக்கு ‘ரோட்ஸ்டர்’ என்று பேர் என்பதை எங்களுக்குச் சொன்னது வெள்ளைக்காரர்தான். அன்றிலிருந்து அந்தக் கூட்டம் எங்கள் வண்டியை வேறு பேரால் கூப்பிட்டதில்லை.

வெள்ளைக்காரருக்கு அவர் ஊரிலிருந்து கார் பத்திரிகை தபாலில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை டீக்கடை பெஞ்சில் விரித்துப் போட்டார். அங்கே ரொம்பப் பேர் வாங்கிய ஒரு சின்ன, இரண்டு சீட் திறந்த கார். அதைப் புதுப்பித்து வெளியிட்டிருந்தார்கள். பழையதில் முன்விளக்கு கண் மாதிரி எழும்பித் திறந்து மூடுமாம். புதியதில் மற்ற கார்களைப் போல அப்படியே பதிந்துவிட்டது. கொஞ்சம் எடையும் கூடிவிட்டதாம்.

“கண்ண நோண்டிட்டானுங்க” என்றார் மில் முதலாளி.

“கொழுப்பு ஏறிப்போச்சு, பாருங்க இடுப்ப” என்றார் ஸ்டூடியோக்காரர்.

வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. கம்பெனிக்குத் திட்டிக் கடிதம் எழுதிவிட்டதாகச் சொன்னார். அந்தக் காரை அவரைத் தவிர எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் காலைப்பொழுது முழுக்கத் திட்டினார்கள். என் கணவரும் திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றபடி, ஆம்பளைங்களுக்கு எப்படியெல்லாம் பொழுது போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த வண்டி அலுக்க ஆரம்பித்திருந்தது. டியூட்டிக்குப் போய் இறங்கினால் தலை புல்கட்டு மாதிரி இருக்கும். மழை வந்தால் ஏதாவது கடை வாசலில் ஒதுங்கி, வண்டியில் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருமுறை எக்ஸ்சேஞ்ச் வாசலில் காலைத் தூக்கி வைத்தபோது புடவை மாட்டி விழுந்தேன். எதிர்க் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

கடைசியில் முடிவெடுக்க வைத்தது ஒரு பஸ். செங்கம் ரோட்டில் அது எங்களைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆள் வெற்றிலை எச்சிலைத் துப்பினான். அது அப்படியே என் மடியில் விழுந்தது. என் கணவர் பஸ்ஸைத் துரத்தப் பார்த்தார். “தொரத்தி என்னா பண்ணப்போறீங்க? வீட்டுக்குத் திருப்புங்க” என்றேன். புடவையை வாளியில் ஊறப்போட்டுவிட்டு வந்து சொன்னேன்: “கதவு வேணும். முழுக் கண்ணாடி வேணும். மழைக்கு ஒரு படுதா வேணும். இல்லன்னா நான் பஸ்லயே போறேன்.”

அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மாசம் சாயந்தரம் சாயந்தரம் வேலை செய்தார். சின்னதாக இரண்டு கதவு, வேனில் இருந்து எடுத்த முன்கண்ணாடி, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஜீப் படுதா தைக்கிறவரிடம் தைத்து வாங்கிய கூரை. வேண்டும்போது மடக்கலாம். வேலை முடிந்த அன்றைக்கு நான் கதவைத் திறந்து, ராணி மாதிரி உட்கார்ந்து, மூடினேன். அவர் முகத்திலும் பெருமை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு இரண்டு பேரும் போனோம். வண்டி நின்றதும் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு மில் முதலாளி முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார்.

“என்னா வாத்தியாரே, ஐஸ்கிரீம் வண்டி பண்ணிட்டீங்க?”

“மழைக்குத்தான்...” என்று ஆரம்பித்தார் என் கணவர்.

“மழைக்குன்னா கொடை வாங்கிக் குடுக்கறதுதானே. வண்டியவே கெடுக்கணுமா?”

வெள்ளைக்காரர் மேலே போட்ட இரும்புச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். தனக்குத் தெரிந்த தமிழில், “எடை ஜாஸ்தி. ரொம்பத் தப்பு” என்றார்.

ஸ்டூடியோக்காரர் மட்டும் என்னைப் பார்த்துப் பேசினார். “அண்ணி, உங்க ஐடியாவா?”

“ஆமா. நான்தான் போடச் சொன்னேன்” என்றேன்.

“நெனச்சேன்” என்றார். அன்றைக்கு ஜவ்வாது மலை ஏற்றத்தில் வண்டி திணறியது. ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. மில் முதலாளி ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் டியூட்டிக்குப் போனபோது, என்னோடு வேலை செய்யும் அக்கா என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “நல்லாத்தானே இருக்கே? உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு. ஏங்க்கா?”

“கோயில்கிட்ட ஸ்டூடியோல உங்க ரெண்டு பேரு போட்டோவுக்கு மால போட்டு வச்சிருக்காங்களே!”

எனக்குப் புரியவில்லை. டியூட்டி முடிந்ததும் நேரே நடந்தேன். அக்கா சொன்னது உண்மைதான். ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில், கல்யாண ஜோடிகளுக்கும் மொட்டையடித்த குழந்தைகளுக்கும் நடுவில், எங்கள் வண்டியின் பழைய படம். கதவு இல்லை, கூரை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறோம். சுற்றிலும் சந்தன மாலை. ஃபிரேமின் உச்சியில் குங்குமப் பொட்டு. கீழே ஒரு சின்ன விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே போனேன். ஸ்டூடியோக்காரர் யாருக்கோ பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்னா இது?”

“சும்மா தமாஷுக்கு அண்ணி. நல்ல வண்டி போய்ச் சேர்ந்துடுச்சு, அதான்.”

“அதுல நாங்க இருக்கோம். உயிரோட இருக்கறவங்களுக்கு மால போட்டிருக்கீங்க. ஊரெல்லாம் துக்கம் விசாரிக்குது.”

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட இல்லை. “வண்டிக்குத்தான் மால போட்டேன். அதுல இருக்கற ஆளுங்கள யாரு பாத்தா?”

அந்த வார்த்தைதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. கேலி செய்திருந்தால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் கேலி செய்யவில்லை. உள்ளதைச் சொன்னார். அத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு டீ குடித்திருக்கிறேன், மலைக்குப் போயிருக்கிறேன், கட்டுச்சோறு கொண்டுபோய்ப் பரிமாறியிருக்கிறேன். அவர்கள் கண்ணுக்கு அந்த சீட்டில் யாரும் இருக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியை நானே திறந்தேன். மாலையை இழுத்தேன். அறுந்து விழுந்தது. படத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“அண்ணி, ஃபிரேம் என்னுது!”

“போலீஸ்ல சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் என் கணவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “விளையாட்டுக்குப் பண்ணியிருப்பான். நீ கடைக்குப் போயிருக்க வேணாம்” என்றார். அவர் பார்த்ததும் வண்டியைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கதவையும் கூரையையும் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தார். ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டு டீக்கடைக்குப் போவார். திங்கட்கிழமை எனக்காக மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நான் போவதை நிறுத்தியிருந்தேன். இப்படியே கொஞ்ச நாள் ஓடியது. கழற்றிக் கழற்றி மாட்டியதில் போல்ட்டின் மரை தேய்ந்துபோனது.

ஒருநாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு கிரிவல ரோடு வழியாக வந்தோம். அடி அண்ணாமலை வளைவில் மாடு ஒன்று குறுக்கே வர, அவர் சட்டென்று திருப்பினார். என் பக்கக் கதவு அப்படியே பிடுங்கிக்கொண்டு ரோட்டில் போய் விழுந்தது. நான் பாதி வெளியே தொங்கினேன். ஒரு கையால் டேஷ்போர்டையும் இன்னொரு கையால் அவர் சட்டையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டை கிழிந்தது. வண்டி நின்றதும் கீழே இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஒருவர் சோடா கொண்டுவந்து கொடுத்தார்.

“அடி பட்டுச்சா?” என்றார் என் கணவர்.

“படல. நீங்க ஒரு முடிவு பண்ணுங்க. அந்த சீட்டு எனக்கா, அவங்களுக்குக் காட்டறதுக்கா?”

அவர் ரோட்டில் கிடந்த கதவைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் போட்டார். மறுநாள் பாலிடெக்னிக்கிலிருந்து வெல்டிங் செட் கேட்டு வாங்கி வந்து கீல்களை நிரந்தரமாகப் பற்றவைத்தார். செய்தார், மனசோடு செய்யவில்லை. தீப்பொறி பறக்கிற சத்தத்துக்கு நடுவே, “நல்லா இருந்த வண்டி” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த வாரம் கதவோடு டீக்கடைக்குப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். அடுப்படியில் இருந்த நான் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. வேற கடைக்கு மாறிட்டாங்களாம். செங்கம் ரோட்டுல. ‘சார், உங்ககிட்ட சொல்லலயா?’னு டீ மாஸ்டர் கேக்கறான்.”

அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. “ஒரு தகரக் கதவுக்கா? மனுசங்களா அவங்க?” என்று கத்தினேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மில் முதலாளி பிறகு எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் அரிசி வாங்கும் இடத்தை மாற்றினோம். வெள்ளைக்காரர் மட்டும் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நேராக வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். “வேலை சுத்தம். ஆனா எனக்குப் பிடிக்கல” என்றார். மூஞ்சிக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான். காபி கொடுத்தேன். அதற்கப்புறம் அவரும் வரவில்லை.

அந்த வண்டியை இன்னும் சில வருஷம் வைத்திருந்தோம். தினமும் என் டியூட்டிக்கும் கடைத்தெருவுக்கும் ஓடியது. மழையில் நனையவில்லை. ஜவ்வாது மலைக்கு மட்டும் அவர் அப்புறம் ஒருதடவைகூடப் போகவில்லை. நான் கூப்பிட்டும் வரவில்லை. பிள்ளை பிறந்ததும் இரண்டு சீட்டு போதாமல் விற்க வேண்டியதாயிற்று.

வாங்க வந்தவர் செங்கத்தில் துணிக்கடை வைத்திருந்தார். வண்டியை ஓட்டிப் பார்த்தார், சிரித்தார், ரொம்பப் பிடித்துவிட்டது. இறங்கி வந்து படுதாவைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்: “சார், இத எடுத்துட்டு மேல தகடு அடிச்சு மூடி, ஏசி போட முடியுங்களா?”

என் கணவர் முகம் சுருங்கியது. டீக்கடையில் மில் முதலாளி முகம் அன்றைக்கு எப்படிச் சுருங்கியதோ, அதே மாதிரி. “ஏங்க, இது அதுக்குச் செஞ்ச வண்டி இல்லைங்க. கொஞ்சம் யோசிக்கணும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்று அவர் இழுத்தார். நான் முன்னால் போனேன்.

“தாராளமாப் போடுங்க” என்று சொல்லி துணிக்கடைக்காரர் கையில் சாவியைக் கொடுத்தேன்.