ஐயையோ மெக்கானிக்கின் பகல் நட்சத்திரம்

ரப்பர் பந்தை அமுக்கி, புஸ் புஸ்ஸென்று தொலைநோக்கிக் கண்ணாடிமேல் காற்றடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று "ஐயையோ!" என்று அலறினார்.

மொட்டைமாடியின் மறுமூலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளிப்பை வாயில் கடித்தபடியே, "என்ன, தூசியா, கைரேகையா?" என்று கேட்டாள்.

"தூசிதான்! ஓரத்துல! பெட்டிய இப்பத்தான் பிரிச்சேன், அதுக்குள்ள எப்பிடி உக்காந்துச்சு?"

"டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையை உதறினாள். உதறிய ஈரத்தில் ஒரு துளி அவர் பக்கம் தெறித்தது. அதற்கும் ஓர் ஐயையோ.

துணி துவைக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். தெருவில் அவருக்கு ஐயையோ மெக்கானிக் என்று பெயர். கை சுத்தம், வேலை சுத்தம், ஆனால் வாய் மட்டும் சொன்னபடி கேட்காது. ஒரு வீட்டில் மெஷினுக்குள் தலையை விட்டு அவர் "ஐயையோ" என்று கத்த, வீட்டுக்காரப் பெண்மணி மெஷின் போச்சு என்று அழவே ஆரம்பித்துவிட்டார். உள்ளே சிக்கியிருந்தது குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். கல்யாணமான புதிதில் மனைவியும் ஒவ்வொரு ஐயையோவுக்கும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவள்தான். இப்போது அவற்றைத் தரம் பிரிக்கத் தெரியும் அவளுக்கு. நீட்டி இழுத்தால் தூசி. வெட்டி நிறுத்தினால் திருகாணி கீழே விழுந்துவிட்டது. இரண்டு தரம் சேர்ந்தாற்போல் வந்தால் மேகம்.

மேகம் அவருக்கு ஜென்மப் பகை. வானத்தைப் படம் எடுக்கிறவருக்கு வேறு யார் பகையாக இருக்க முடியும்? சம்பாத்தியத்தில் வீட்டுக்குப் போக மிஞ்சுவதெல்லாம் தொலைநோக்கி, கேமரா, அவற்றைத் தாங்கும் முக்காலி என்றுதான் கரையும். கூடத்துச் சுவரில் பெரிய சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறார். இளஞ்சிவப்பாக, புகை மாதிரி, நடுவில் நாலைந்து வெள்ளைப் பொட்டு. நட்சத்திரங்கள் பிறக்கிற இடமாம். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "யாருக்கு ஸ்கேன் எடுத்தது? பெரிய வியாதியா?" என்று கேட்டாள். அன்று வந்த ஐயையோ எந்தத் தரத்திலும் சேராதது.

புதுத் தொலைநோக்கி வீட்டுக்கு வந்தால் அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர். சோதனையில் தேறும்வரை மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது. "மாப்பிள்ளைய வெயில்ல வைக்காதே", "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சூடு ஆறட்டும்." தேறாவிட்டால் அதே பெட்டியில், அதே பஞ்சில் பொதிந்து திருப்பி அனுப்பிவிடுவார். மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள்: "பெத்த பொண்ணுக்கு வந்த மாப்பிள்ளைய ஒரு டீ குடிக்கிற நேரத்துல சரின்னுட்டாரு. இந்தக் குழாய்க்குத்தான் இப்பிடி ஆராய்ச்சி!"

ஆராய்ச்சி என்றால் சாதாரண ஆராய்ச்சி இல்லை. பழைய மெஷினின் பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்றைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, நாலு வீடு தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டிமேல் கறுப்புத் துணியில் ஒட்டி வைத்திருக்கிறார். காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அந்தக் குண்டில் சூரியன் ஊசிமுனை அளவுக்கு மின்னும். பட்டப்பகலில் ஒரு நட்சத்திரம்! அதைத் தொலைநோக்கியில் பிடித்து, வேண்டுமென்றே மங்கவைப்பார். புள்ளி விரிந்து, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். வளையங்கள் வட்டமாக இருந்தால் கண்ணாடி நல்ல கண்ணாடி, நசுங்கியிருந்தால் கோணல் கண்ணாடி. ராத்திரிப் படங்களுக்குக் கண்ணே வேண்டாம், கேமராவும் கம்ப்யூட்டரும் தெளிவைப் பார்த்துக்கொள்ளும். இந்தச் சோதனைக்குத்தான் அவர் கண் வேண்டும். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணை வைப்பார். அந்தக் கண் சொன்னதுதான் தீர்ப்பு. வானம் பார்க்கும் கூட்டாளிகள் எல்லாரும் தங்கள் தொலைநோக்கிகளை அவரிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

மூன்று மாதமாக வருகிற மாப்பிள்ளைகள் ஒருவர்கூடத் தேறவில்லை. முதலில் வந்தவர் கோணல். பதிலுக்கு வந்தவரும் கோணல். இடையில் மருந்துக்கடைக்காரர் ஆசை ஆசையாக வாங்கிவந்த தொலைநோக்கியும் கோணல் என்று தீர்ப்பாகி, அந்த மனிதர் அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். "இப்பல்லாம் எவனும் ஒழுங்கா கண்ணாடி தேய்க்கிறதில்ல" என்று உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தார் மெக்கானிக். இன்று வந்திருப்பவர் மூன்றாமவர். விற்ற கடைக்காரத் தம்பி, "அண்ணே, நானே பாத்து அனுப்பியிருக்கேன். இதுவும் ஆகலன்னா கடைய இழுத்து மூடிட்டுக் காய்கறி விக்கப் போறேன்" என்று சொல்லியிருந்தான்.

தூசி போயிற்று. மாப்பிள்ளைக்கு ஆறவும் நேரம் கொடுத்தாயிற்று. மெக்கானிக் குனிந்து கண் வைத்தார்.

"ஐயையோ! இவரும் கோணல்!"

உடனே கடைக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, வளையம் இடது ஓரத்துல, ஒம்பது மணிப் பக்கம் நசுங்கியிருக்கு. நடுவுல அழுக்குத் தண்ணி தேங்கின மாதிரி ஒரு கறை."

"அண்ணே, குழாயச் சுத்திப் பாருங்க. கோணலும் கூடவே சுத்துதா?"

சுற்றினார். கோணல் இருந்த இடத்திலேயே இருந்தது. கண் வைக்கும் சின்ன வில்லையைச் சுற்றினார். அப்படியே இருந்தது. வில்லையைக் கழற்றி வேறொன்று மாட்டினார். அதிலும் அதே கோணல், அதே ஒன்பது மணியில். மாடித்தரையின் சூடு காற்றை அலைக்கழிக்கிறதோ என்று பார்த்தால், காற்றின் கோளாறு நடுங்கும், இது அசையவில்லை. அவர் சுற்றாமல் விட்ட ஒரே பொருள் அவர் கழுத்துக்கு மேல் இருந்தது.

"அக்கா பக்கத்துல இருக்காங்களா? அவங்களப் பாக்கச் சொல்லுங்களேன்" என்றான் கடைக்காரத் தம்பி, வேறு வழி தெரியாமல்.

இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குழாயில் கண் வைத்தது நாலைந்து தரம் இருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"அட! அழகா இருக்கே. வளையல ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்ச மாதிரி."

"ஒம்பது மணிப் பக்கம் பாரு. நசுங்கியிருக்கா?"

"எங்க? நல்லா வட்டமாத்தான் இருக்கு."

"நடுவுல கறை?"

"ஒரு கறையும் இல்லங்க."

"உனக்குப் பாக்கத் தெரியல" என்று அவளை நகர்த்திவிட்டு மறுபடி குனிந்தார். நசுங்கல் இருந்தது. கறை இருந்தது. அவளை மறுபடி கூப்பிட்டார். இல்லை என்றாள்.

அவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். இறுக மூடியிருந்த இடது கண்ணைப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தக் கண்ணால பாருங்களேன்."

"எந்தக் கண்ணால பாத்தா என்ன?" என்று சலித்துக்கொண்டே இடது கண்ணை வைத்தார்.

வைத்தவர் எழுந்திருக்கவில்லை. குனிந்தது குனிந்தபடியே நின்றார். அவள் ஐயையோவுக்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் பழகிய எந்த ஐயையோவும் வரவில்லை. முப்பது வருஷமாகக் காதைத் துளைத்த அந்தக் குரல் இப்போது ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மெல்ல நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? என்ன தெரியுது?" என்றது போன்.

அவள்தான் பதில் சொன்னாள். "டெலஸ்கோப்பு நல்லா இருக்கு தம்பி. நான் அப்புறம் பேசுறேன்."

அவர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார், பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். சரியில்லாத கருவி ஒன்றைச் சோதிப்பது மாதிரியே நிதானமாகச் சொன்னார்: "இதுல கம்பி நேரா நிக்குது. இதுல வளையுது. நடுவுல ரெண்டு கம்பியக் காணோம். ரெண்டு கண்ணையும் திறந்தா கோணலே தெரியல."

"எத்தனை நாளா இப்பிடி?"

"முதல் மாப்பிள்ளை வந்தப்பவே..." என்று ஆரம்பித்தவர், தொலைநோக்கியைத் திரும்பிப் பார்த்தார். "மருந்துக்கடைக்காரர் டெலஸ்கோப்புல ஒண்ணுமே இல்ல. நல்ல கண்ணாடி. நான்தான் கோணல்னு சொல்லிட்டேன். பாவம், பரண்ல போட்டுட்டாரு."

"அதுவா இப்ப முக்கியம்?" அவள் போட்ட சத்தத்தில் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது. "கண்ணு போகுதுன்னு நான் பதறுறேன், நீங்க பரணப் பத்திப் பேசுறீங்க!"

அவளே கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸ் அமைதியான குரலில், நேர்க்கோடு வளைந்து தெரிகிறதா, நடுவில் இருட்டாக இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேட்டாள். பிறகு அந்த அமைதியான குரலிலேயே சொன்னாள்: "நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க. இதுல தாமதம் ஆக ஆக, இருக்கிற பார்வையும் போயிடும். போனது திரும்புறது கஷ்டம்."

மூன்று மாதம். மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவலி என்றால் மறுநாளே மாத்திரை கேட்கிற மனிதர், மூன்று மாதம் அந்தக் கறையை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு மாப்பிள்ளை வந்தபோதும் குனிந்து நின்று, அது எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று அளந்துகூட வைத்திருக்கிறார். அளந்து, பழியைக் கண்ணாடிமேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அழுகையும் வந்தது. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை. கீழே ஓடி, கைக்கு வந்த புடவையை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு, ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மேலே வந்தாள்.

அவர் மாடியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். தொலைநோக்கி திறந்தபடி வெயிலில் நின்றது. அதை மூடக்கூட இல்லை.

"எழுந்திருங்க, வண்டி வந்துடும்" என்று அவள் குனிந்து கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் அப்பிடியே இரு. நகராதே."

"என்னங்க?"

அவர் இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு, படம் எடுக்க நிற்பவள்போல் அசையாமல் முகத்தைக் காட்டினாள்.

"என்ன தெரியுது? சொல்லுங்களேன்" என்றாள் மெதுவாக.

அவர் வலது கையை நீட்டினார். விரல் காற்றில் ஒரு கணம் தடுமாறியது. பிறகு அவள் முகத்தின் நடுவுக்கு வந்து, மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.