துடுப்பில் வைத்த காது

மட்டக்களப்பு வாவியில் தோணி விட்ட அந்த மனிதர், கொட்டகைக்கு வரும் ஹொலிவூட் ஊமைப்படம் ஒன்றையும் தவறவிடமாட்டார். சுருள்முடி நடிகை ஒருத்தி திரையில் வாயசைத்தால் போதும், வலது காதை அவள் பக்கம் சாய்த்துவிடுவார்.

"அவ பேசுறது கேக்குதா அண்ணன்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ஓம் தம்பி. வாவி மீன் பாடுறது சும்மா கேக்குமா? துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியில காதை வெச்சாத்தானே கேக்கும்! இதுவும் அப்பிடித்தான். அவட குரல் நல்ல கட்டைக் குரல்."

சில வருடங்களில் அவள் நடித்த பேசும்படம் வந்தது. அந்தப் பூ முகத்திலிருந்து மெல்லிய குரல்தான் வரும் என்று கொட்டகையே காத்திருந்தது. அவள் வாய் திறந்தாள். கட்டைக் குரல்!

அவரைத் திரும்பிப் பார்த்தேன். அன்றுதான் முதல்முறையாக, காதைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.