சாயங்காலக் காய்ச்சல்

என் ஓரகத்திக்குக் காய்ச்சல் சாயங்காலம்தான் வரும். காலையில் எழுந்து வாசல் தெளிப்பாள், சோறு வடிப்பாள், ரெட்டிபாளையம் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் கொழுந்தனாருக்கு டிபன் கட்டிக் கொடுப்பாள். பொழுது சாயத் தொடங்கினால் உடம்பு அனலாகக் கொதிக்கும். விடிவதற்குள் நன்றாக வேர்த்து இறங்கிவிடும்.

அரியலூரை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரே வாசல், இரண்டு குடும்பம். குன்னத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். எங்களுக்குள் சண்டை கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது. அவள் அடுப்பு அவளுக்கு, என் அடுப்பு எனக்கு.

முதலில் தொண்டை வலி என்றாள். பிறகு காய்ச்சல். டைபாய்டு என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். டெங்குவா என்று இன்னொருவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், இல்லை. கொழுந்தனார் பயந்துபோய்க் கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டிவிட்டார். எதற்கும் அடங்கவில்லை.

“காலையில நல்லாத்தான் நடமாடுறா. பொழுது போனா படுத்துக்கறா” என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் காய்ச்சல் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். குழாயடியில் ஒரு நாள், குடத்தைக் கையால் பிடிக்க முடியாமல் முழங்கை மடிப்பில் கோத்துத் தூக்கப் பார்த்தாள். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன.

“எத்தனை நாளா இப்படி?”

“இருக்குக்கா. தலைகூட பின்ன முடியல.”

அன்று முதல் அவளுக்கு நான்தான் தலை பின்னினேன். ஒரு சாயங்காலம் பின்னும்போதுதான் கழுத்திலும் முதுகிலும் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பாக ஏதோ படர்ந்திருப்பதைப் பார்த்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இருந்த இடமே தெரியவில்லை.

பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். நிறைய கேள்வி கேட்டார். அந்தத் திட்டைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“காய்ச்சலோட வந்து காய்ச்சலோட போயிடுதாங்க? அதை நான் பாக்கணும். இன்னிக்கு ஊருக்குப் போயிடாதீங்க. காய்ச்சல் வந்த உடனே நேரா உள்ள வாங்க.”

காய்ச்சலுக்காகக் காத்திருந்த நாள் அது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். பெஞ்சில் உட்கார்ந்து அவள் தன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். ஓட்டப்பந்தயத்தில் குறுக்கே வந்த ஆட்டின் மேல் விழுந்தாளாம். இவ்வளவு சிரிப்பாகப் பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெயில் இறங்கியது. காய்ச்சலைக் காணோம்.

“இன்னிக்குன்னு பாத்து வராம போயிட்டா என்னக்கா பண்றது?”

“வரும், இரு. தெனம் வர்றதுதானே.”

சற்று நேரத்தில் அவளுக்கு நடுக்கம் எடுத்தது. ஜாக்கெட் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். செவ்வெனப் படர்ந்திருந்தது. “அக்கா, வந்துடுச்சு!” என்று பரிசு விழுந்தவள் போலக் கத்தினாள். பல் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். இது கிருமியால் வரும் காய்ச்சலாகத் தெரியவில்லை என்று சொல்லித் திருச்சியில் மூட்டு நோய் பார்க்கும் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே டி.பி., வேறு கிருமி, ரத்தப் புற்று எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் அந்த டாக்டர் விளக்கினார்.

“பொறக்கும்போதே நம்ம ஒடம்புல ஒரு எதிர்ப்பு சக்தி இருக்கும்மா. கிருமி நொழைஞ்சா யாரு என்னன்னு விசாரிச்சுக்கிட்டு நிக்காது. உடனே காய்ச்சல், வீக்கம் எல்லாத்தையும் கெளப்பி விட்டுடும். முள்ளு குத்துன எடம் செவந்து வீங்குதே, அதுவும் அதோட வேலைதான். உங்களுக்குக் கிருமி வராமலே அது வேலை செய்யுது.”

“அப்ப என் ஒடம்பே என்னைய அடிக்குதா சார்?”

“உங்களைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு இருக்கு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில், “கெட்ட எண்ணம் இல்லல்லக்கா அதுக்கு?” என்று கேட்டாள்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் காய்ச்சல் நின்றது. முகம் பன் மாதிரி உப்பியது. பசியோ அடங்காத பசி. அவள் சமைத்தது போதாமல் என் குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். நானும் கூடுதலாக ஒரு பிடி அரிசி போட ஆரம்பித்தேன். பிறகு எப்படியோ இரண்டு அடுப்பும் ஒன்றாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை.

டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தபோது ஒரு தடவை காய்ச்சல் திரும்பியது. அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். “எனக்கு இது போவவே போவாதாக்கா?” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைப் பின்னிவிட்டேன். வாரம் ஒரு முறை போடும் வேறொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். மெல்ல மெல்ல அடங்கியது.

இன்னும் மருந்து நிற்கவில்லை. ஒருநாள் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ரத்தம் பரிசோதிக்க அரியலூருக்கு அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன். ஊசி குத்தும்போது அவள் சும்மா இருப்பாள், நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முடிந்ததும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்து ஒன்றும் வாங்காமல் எல்லாச் சேலையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவோம். கடைக்காரருக்கு எங்களைக் கண்டாலே இப்போது முகம் வாடுகிறது.