சந்தனம் பட்ட சவரக்கத்தி

செய்தி வந்தபோது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பத்து. நான் குசினி மேசையில் என் கணவருடைய சவரக்கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு ஆஸ்பத்திரியில் அவரோடு நின்ற மகள் சிவாஜினி போன் எடுத்தாள். "அம்மா, பக்கத்தில ஆரும் நிக்கினமோ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

என் கணவர் சிவகுருநாதன் முப்பத்தொரு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்தியவர். கையில் எண்ணெய் மணம் போகாது. கன்னம் மட்டும் எப்போதும் மழமழவென்றிருக்கும். மடக்குக் கத்தி இரண்டு வைத்திருந்தார், ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நூறு யார் தூரம்கூட இல்லை. யன்னல் கொளுக்கிகூட இரண்டு வருடத்தில் கறள் பிடித்து உதிரும். அவருடைய கத்திகளில் ஒரு புள்ளி கிடையாது. சவரம் முடிந்ததும் கழுவித் துடைத்து, ஒரு மணித்தியாலம் விரித்தபடி காற்றாட விடுவார். பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தோல் உறையில் வைக்கமாட்டார், அது ஈரத்தைப் பிடித்துவைக்குமாம். சப்பாத்துக் கடைகளில் கேட்டு வாங்கிய, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களோடு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார்.

போன ஆயுத பூசைக்கு அவர் தன் குறடுகளையும் ஸ்பானர் சாவிகளையும் வைத்தார். நானாகத்தான் ஒரு சவரக்கத்தியையும் எடுத்து விரித்து, அலகில் சந்தனம் வைத்தேன். அவருக்குச் சொல்லவில்லை. மறுநாள் துடைத்தபோது சந்தனம் இருந்த இடத்தில் மிளகளவில் கறள்.

"கத்திக்கு ஈரம் ஆகாதெண்டு சாமிக்குத் தெரியும். உமக்குத்தான் தெரியேல்லை" என்றார்.

அன்று பின்னேரம் கிண்ணியாவிலிருந்து வந்த அவருடைய கூட்டாளி ஜவ்பர், "கத்திக்கும் பொட்டு வச்சாச்சு அண்ணன், இனி மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறுதோறும் பொலிஷ் தொட்டு அவர் தேய்த்தார். மிளகளவு கடுகளவாயிற்று. இருதய ஒப்பரேஷனுக்குப் புறப்பட்ட அன்று, "இன்னும் ரெண்டு ஞாயிறு காணும், புள்ளி போயிடும். வந்து செய்யிறன், நீர் தொடாதையும்" என்றார்.

நான் தொட்டேன். அவர் திரும்பி வந்து விரிக்கும்போது புள்ளி இருக்கக்கூடாது என்று நினைத்தேன். போன் வந்தது இரண்டாவது ஞாயிறு.

கொழும்பில் சவரம் செய்துதான் அவரைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். இடது காதுக்குக் கீழே நரைமயிர் ஒரு கோடாக மிஞ்சி நின்றது. ஜவ்பர் குனிந்து பார்த்தார்.

"அக்கா, அண்ணன் இப்படி விடமாட்டாரே. அவர்ட கத்தியைத் தாங்க."

"அது இன்னும் சரிவரேல்லை" என்றேன்.

மற்றக் கத்தி டின்னுக்குள் எண்ணெய் பூசி நல்லபடி இருந்தது. அப்போது அது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. அவரை அப்படியே கொண்டுபோனார்கள்.

முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்து, மகளும் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மழை விடவில்லை. சவரக் கண்ணாடி அவருடைய உயரத்தில் தொங்குகிறது. அதில் எனக்கு என் வகிடு மட்டும்தான் தெரியும். இன்று டின்னைத் திறந்து நல்ல கத்திக்கு எண்ணெய் பூசினேன். மற்றதில் போன் வந்த அன்று நான் தொட்ட பொலிஷ் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. அதன் கீழே அந்தக் கடுகளவுப் புள்ளி இன்னும் தேய்ந்து முடியவில்லை.