சம்பந்தப்பட்டவர்கள் வெளியே

என் அலுவலகத்தில் பழவேற்காடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. காப்பி இயந்திரத்தைத் தாண்டினால் இடது கைப் பக்கம். மீன் வாசம் கிடையாது, கொசு கிடையாது, பொன்னேரி பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்கவும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் நான் வேலை பார்க்கும் பெரிய சட்ட நிறுவனம், பழைய டச்சுக் கப்பல்கள் போய்வந்த துறைமுகங்களின் பெயர்களைத் தன் கூட்ட அறைகளுக்கு வைத்திருக்கிறது. 'பலியாகட்டா' என்று கதவில் எழுதியிருப்பது எங்கள் ஊர்தான். "பத்து மணிக்கு உனக்குப் பலியாகட்டாவில் கூட்டம்" என்று செயலர் சொன்னபோது முதல் வாரம் சிரிப்பு வந்தது. நான் அந்த ஊர்க்காரி என்றதும் சுற்றி நின்றவர்கள் ஆகா என்று வியந்தார்கள். அந்தப் பெயரில் இன்னும் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஆட்கள் சோறு தின்கிறார்கள் என்பது அவர்களுக்குச் செய்தியாக இருந்தது.

வரவேற்பறையில் நிறுவனத்தின் வரலாறு கனமான புத்தகமாகக் கிடக்கிறது. கால்வாய்க்கரை வீடொன்றில் வணிகர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த ஒரு மனிதரில் தொடங்குகிறது கதை. மகன், மருமகன், கூட்டாளிகள், இணைந்த நிறுவனங்கள் என்று வளர்ந்து இன்று பல நாடுகளில் கிளை விட்டிருக்கிறது. ஒரு கம்பெனி இன்னொன்றை விழுங்கும்போது, துறைமுகத்துக்கு வங்கி கடன் கொடுக்கும்போது, கப்பல் மூழ்கினால் நஷ்டம் யார் தலையில் என்று முடிவாகும்போது, அந்த வாக்கியங்களை நாங்கள்தான் எழுதுகிறோம். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பழவேற்காட்டுக் கோட்டையின் படம், பக்கத்தில் துணி மூட்டைகள். அதே கரையிலிருந்து ஆட்களையும் அடிமைகளாக விற்று, டச்சுக்காரர்களின் கிழக்குத் தலைநகரான பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்களே, அது ஏன் இல்லை என்று புத்தகம் தயாரித்த பெண்ணிடம் கேட்டேன். "அது நிறுவனத்தின் பணியோடு தொடர்புடையதல்ல" என்றார், மிக இனிமையாக. மூட்டைக்குத் தொடர்பு உண்டாம், மூட்டையைப் போல ஏற்றப்பட்டவர்களுக்குக் கிடையாதாம்.

ஆனாலும் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். போன வருடம் ஒரு புதிய கோப்பு வந்தது. கடலடியைத் தோண்டி ஆழப்படுத்தும் டச்சுக் கம்பெனி ஒன்றுக்கு, எங்கள் ஏரிக்குத் தெற்கே ஒரு துறைமுகத்தைப் பெரிதாக்கும் வேலை கிடைக்கவிருந்தது. அதில் சட்டச் சிக்கல் வருமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கப்படி, எந்தக் கோப்பையும் தொடங்குமுன் அந்த விஷயத்தில் சொந்த நலன் உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன். எங்கள் குழுவின் தலைவர் ஹென்ரிக் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த ஏரியில் உங்கள் குடும்பத்துக்குப் பங்கு இருக்கிறதா?"

"என் அப்பா அங்கேதான் மீன் பிடிக்கிறார். அவருக்கு முறை உண்டு."

"முறை என்றால், தண்ணீர் அவருக்குச் சொந்தமா?"

"தண்ணீர் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும்?"

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் பிரச்சினை இல்லை. நீங்கள் வேலையைத் தொடரலாம்."

நான் சொன்னதைத் தனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொண்டார் மனிதர். அடுத்த வாரமே அந்தக் கம்பெனிக்கு நாங்கள் தயாரித்த குறிப்பில் ஒரு வரி ஏறியது: உள்ளூர் மீனவர்களுக்குப் பதிவு செய்யப்பட்ட உரிமை ஏதும் இல்லை.

எங்கள் ஏரியில் அதற்குப் பெயர் பாடு. எந்த ஊர்க்காரன், எந்த இடத்தில், என்றைக்கு வலை போடலாம் என்று ஊர்கள் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது என் சித்தப்பா அடுத்தவன் முறையில் வலையைப் போட்டுவிட்டார். ஊர் சொல்லி, அந்த வலையைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையேற்றியது வேறு யாருமல்ல, அவருடைய அண்ணனான என் நைனாதான். சித்தி எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "தம்பினு பாத்தா நாளிக்கு எவன் முறையை மதிப்பான்?" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனா சாப்பிட உட்கார்ந்தார். பெண்ணுக்குப் பாடு முறையில் இடமில்லை என்பதால் அவரோடு நான் போட்ட சண்டைகள் தனிக் கதை. குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது சட்டமில்லை என்றால் வேறு எது சட்டம்?

இதையெல்லாம் நான்கு பக்கத்துக்கு எழுதி, அந்த வரியை நீக்கச் சொன்னேன். அதன் பிறகுதான் நிறுவனத்துக்குச் சுருக்கென்றது. அந்தக் கோப்பைத் திறக்கவோ, அதைப் பற்றி யாரிடமும் பேசவோ எனக்குத் தடை வந்தது. 'தகவல் சுவர்' என்று அதற்கு மரியாதையான பெயர். நைனாவுக்கு உரிமையே இல்லையாம், ஆனால் அவர் மகளுக்குச் சொந்த நலன் இருக்கிறதாம். இல்லாத உரிமைக்கு எதற்கய்யா சுவர் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. வேலையை விட்டால் விசாவும் போகும். அந்த வரியும் குறிப்பில் அப்படியே இருந்தது.

இதற்குள் துறைமுகத்தை எதிர்ப்பது பற்றிப் பேச எங்கள் பக்கத்து மீனவ ஊர்கள் கூடப்போவதாகச் செய்தி வந்தது. நைனா கூட்டத்தில் எழுந்து பேசினால் எதிர்ப்பேச்சு வராது. நான் எழுதியதை, நான் சொல்லித் தராமலே, அவர் தன் வாயால் சொல்வார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கூட்டம் நடந்த நாளில், இங்கே காலை நேரத்தில், அவரே போன் செய்தார். நான் நடைபாதையில் நின்றிருந்தேன். எதிரே கண்ணாடி அறையில் ஹென்ரிக் அந்தத் தோண்டும் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, கூட்டம் முடிஞ்சிடுச்சா?"

"நடக்குதும்மா. நான் வெளில படகு மேல உக்காந்துனுகீறேன்."

"நீ இன்னாத்துக்கு வெளில?"

"உம் பொண்ணு அந்தத் தோண்டறவங்க வக்கீல் ஆபீஸ்லதானே கீதுன்னாங்க. சம்பந்தப்பட்டவன் எட்டிப் போய் உக்காரணும்ல. நாயம்தான்."

நியாயமாம்! தம்பி வலையை இழுத்த மனிதரை எந்த வாய் கூசாமல் எழுந்து போகச் சொன்னது? அவருக்காக அங்கே ஒருவருமா வாய் திறக்கவில்லை? இங்கே நான் அவருடைய மகள் என்பதால் வெளியே நிற்கிறேன். அங்கே அவர் என்னுடைய அப்பா என்பதால்.

"உள்ள இன்னா பேசறாங்க நைனா?"

"காத்து எதிர்ல அடிக்குதும்மா, ஒண்ணும் கேக்கல. அங்க இன்னா பேசறாங்க?"

"கண்ணாடிக் கதவு நைனா. வாய் அசையறதுதான் தெரியுது."

"சரி, பாத்துனு இரு" என்றார். போனை இருவரும் வைக்கவில்லை.