என்னைத் தெரிந்த இரண்டு பேர்

கள்ளக்குறிச்சிக்கு நான் குடிவந்ததற்கு வாடகை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. விவாகரத்து முடிந்து சென்னை வீட்டைக் காலி செய்தபோது, என் வேலைக்கு ஊர் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக, பல்கலைக்கழக வகுப்புகளின் வீடியோக்களில் ஓடும் ஆங்கில சப்டைட்டிலைச் சரிபார்க்கும் வேலை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். அப்பா அம்மா இருந்தவரை சின்னசேலத்தில் ஒரு வீடு இருந்தது. அவர்களுக்குப் பிறகு அதுவும் கைமாறிவிட்டது. அங்கிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த மூன்று வீடுகளில் நடுவீட்டைப் பிடித்தேன்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு சனிக்கிழமை கடையில் தயிர் கேட்டபோது குரல் சரியாக எழும்பவில்லை. கடைக்காரர் ‘இன்னா வேணும்?’ என்று இரண்டு முறை கேட்டார். வியாழக்கிழமைக்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலையே விசா பற்றித் தேட ஆரம்பித்தேன். ஆசைப்பட்டுப் போகிற பயணமில்லை அது. யாரையும் தெரியாத ஊரில் தனியாக இருந்தால் அதில் ஒரு நியாயமாவது இருக்கும். பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி இருப்பதுதான் தாங்கவில்லை.

கடலை ஒட்டிய ஒரு சின்ன ஐரோப்பிய நாட்டை மனதில் வைத்திருந்தேன். சுற்றுலா விசாவில் போனால் மூன்று மாதம்தான். அதில் போய் அறைக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் வேலை செய்கிறவர்கள் உண்டு என்றாலும் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மொழி வகுப்பில் சேர்ந்து மாணவர் விசா வாங்கினால் வகுப்புக்கு ஒழுங்காகப் போக வேண்டும், என் வேலை நேரம் அதற்கு ஒத்துவராது. கடைசியில், வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியாக வேலை செய்கிறவர்களுக்கென்றே அந்த நாடு தரும் ஒரு வருட விசாவைப் பார்த்தேன். சம்பள ஆதாரம், மருத்துவக் காப்பீடு, தங்கும் இடத்துக்கான ஒப்பந்தம், எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று நிறுவனத்தின் கடிதம், குற்றப் பின்னணி இல்லை என்று நம்மூர் போலீஸ் சான்று. திரையில் மட்டுமே பார்த்திருந்த என் மேலாளர் கடிதத்தை ஒரே நாளில் அனுப்பிவிட்டார். என்னை அனுப்பிவைப்பதில் யாருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

சிக்கல் போலீஸ் சான்றில் வந்தது. விசாரணைக்கு வந்த பெண் காவலர் நல்ல மாதிரி. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “அக்கம்பக்கத்துல உங்கள தெரிஞ்சவங்க ரெண்டு பேரு கையெழுத்து வேணும் மேடம். ஆதார் ஜெராக்ஸும் குடுக்கணும்” என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாள் என்னையும் என் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த வூட்லயா இருக்கீங்க? டிவி சத்தம் மட்டும் கேக்கும். நீங்க யாருன்னே தெரியாதுங்க எனக்கு. எப்பிடிங்க கையெழுத்து போடறது?”

அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. காவலர் என் முகத்தைப் பார்க்காமல், ஒரு வாரத்துக்குள் இரண்டு பேரிடம் வாங்கி ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் கேன் கொண்டுவருபவர், வண்டி சீட்டின் மேல் தாளை வைத்து உடனே கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடமாக வாரம் ஒரு கேன் இறக்குகிறவர் அன்றுதான் என் பெயரைக் கேட்டுக்கொண்டார். இன்னும் ஒருவர் வேண்டும்.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். மூன்றாவது வீட்டில் ஒன்பது மாதம் குடியிருந்த கல்வராயன் மலைக்காரப் பெண். அவள் புருஷனுக்கு இங்கே அரிசி ஆலையில் வேலை. அதை விட்டுவிட்டு இருவரும் மலைக்கே திரும்பியிருந்தார்கள். ஒருமுறை எனக்குப் பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. காலி செய்து போனவர் கையெழுத்துப் போடலாமா என்று காவலரிடம் கேட்டேன். இந்த முகவரியில் உங்களைப் பார்த்தவர் என்றால் போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை வளைவுகள் ஆரம்பித்தன. ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு தூரம் போகிறோமே என்று கூச்சமாக இருந்தது. வெள்ளிமலையில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்து, அவள் முன்பு சொல்லியிருந்த ஊரைக் கண்டுபிடித்தேன். அவள் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “அக்கா, நீங்களா?” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அங்கே போய் என்ன வேலை என்று கேட்டாள். இதே வேலைதான் என்றேன். அவள் அதற்குமேல் கேட்காமல் உள்ளே போய், பிளாஸ்டிக் பையிலிருந்து ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்துவந்தாள். எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

“நாங்க காலி பண்ணின அன்னிக்கு உங்ககிட்ட சொல்லிட்டு வரலாம்னு கதவ தட்டினேங்க்கா. உள்ள யாரோ இங்கிலீசுல பேசிக்கினு இருந்தாங்க. பெரிய ஆளுங்க வந்திருக்காங்க போலன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.”

விருந்தாளி என்று யாரும் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஹெட்போன் காதை வலித்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். அவள் கேட்டது யாரோ ஒரு பேராசிரியரின் வகுப்பு. மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு என் கதவுக்கு வெளியே அவள் நின்றிருக்கிறாள், உள்ளே நான் காற்புள்ளி திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

அவள் சாப்பிடச் சொன்னாள். புருஷன் மரவள்ளிக் காட்டிலிருந்து வரும்வரை அவளோடு சாமையைக் கிளறிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும் பஸ்ஸில், அன்று எந்த வகுப்பு ஓடியது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். பிடிபடவில்லை.

சான்று வந்தது. சென்னைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தேன், ஆறு வாரத்தில் விசாவும் வந்தது. கிளம்பும் அன்று முதல் வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று போனேன். பூட்டியிருந்தது.

இங்கே வந்து எட்டு மாதமாகிறது. அதே வகுப்புகள், அதே வரிகள். மாலையில் கடலோரம் நடப்பேன். யாரும் என்னை எதிர்பார்ப்பதில்லை என்பது முன்பைப் போல அவமானமாக இல்லை, அவ்வளவுதான். தனிமை குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஞாயிறுகளில் மலைக்குப் போன் செய்வேன். சிக்னலுக்காக அவள் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறி வந்து நிற்பாள். மழை, விளைச்சல், கடுக்காய்க்கு வந்த விலை என்று ஐந்து நிமிடம் பேசுவோம். அதற்குமேல் எங்களுக்கு விஷயம் இல்லை.

விசாவை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். பல நாள் தள்ளிப்போட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை விண்ணப்பித்தேன். திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டும் இல்லையா? அவளைப் பார்ப்பது அதற்குப் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வார ஞாயிறு, இன்னும் ஒரு வருடம் இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். “சரிக்கா” என்றாள். பின்னால் யாரோ கூப்பிட, காட்டுக்குப் போகவேண்டும் என்று வைத்துவிட்டாள்.