நான் ஒட்டிய குவிமாடம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா பகுதியில், நான் 'சிஞ்ஞோரா' என்று மரியாதையாக அழைக்கும் ஓர் ஆர்மீனிய மூதாட்டியைப் பராமரிக்கும் வேலை எனக்கு. அவருடைய மேசையில் ஒரு தேவாலயத்தின் கல் மாதிரி இருந்தது. அவருடைய முன்னோரின் ஊரில், மலையுச்சியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த கோயிலின் மாதிரி அது. கற்களுக்கிடையே இடுக்கே தெரியாத சுவர்கள். மேலே கூம்புக் குவிமாடம் மட்டும் பாதியாக உடைந்திருந்தது.

உடைந்த சாமிச் சிலை வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஒருநாள் அவர் தூங்கியபோது, சாந்து குழைத்து மீதிக் குவிமாடத்தையும் கட்டிவிட்டேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

எழுந்து வந்தவர் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினார். ஈரச் சாந்து பொத்தென்று விழுந்தது. இத்தாலிய மொழியில் அவர் கத்தியது இதுதான்: "ஆர் உன்னைக் கட்டச் சொன்னது? எங்கட மண்ணைவிட்டு எங்களைத் துரத்தினவங்கள் குண்டு வைச்சு உடைச்ச கோயில் இப்பவும் இப்பிடித்தான் நிக்குது. நீ மூடிவிட்டால் அவங்கள் செய்தது ஆருக்குத் தெரியும்?"

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். எங்கள் சுவரில் யாழ்ப்பாணத்து வீட்டின் படம் கூரையோடு தொங்கியது. போரில் ஷெல் குண்டு விழுந்தபின் எடுத்த படத்தைப் பிள்ளைகள் காணாமல் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுத்துப் பழைய படத்தின் இடத்தில் மாட்டினேன்.

"இஞ்சரும், அதைக் கழட்டும். பிள்ளையள் பயப்பிடுவினம்" என்றார் கணவர்.

"கழட்டமாட்டன். கூரையை நாங்கள் உடைக்கேல்லை. நாங்கள் ஏன் ஒளிக்கவேணும்?"

இத்தனை வருடம் நான் மறைத்தது என் வெட்கத்தை அல்ல, உடைத்தவர்களின் வெட்கத்தை. இப்போது வீட்டுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கூரையில்லாத வீட்டைத்தான்.

பார்க்கட்டும்.